போர்டை அறிந்த கோப்பு

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்டது ஒரு சின்னக் கோப்பு. நூறு கேபி கூட வராது. கைபேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம் இதைப்போலப் பல மடங்கு பெரியது. ஆனால் விலை குறைந்த டேப்லெட், டிவி பெட்டி, சிங்கிள் போர்டு கம்ப்யூட்டர் என்று நம் மேசையில் கிடக்கும் பலவற்றில், இந்தக் கோப்பு போனால் சிப் இருந்தும் பயனில்லை. எந்தக் காலில் என்ன மாட்டியிருக்கிறது, ரேம் என்ன வேகம், திரைக்கு எத்தனை வோல்ட் என்பதெல்லாம் அதற்குள்தான் எழுதப்பட்டிருக்கிறது. விற்றவர் அதை நம்மிடம் தனியாகக் கொடுப்பதில்லை. கருவிக்குள் புதைத்துக் கொடுக்கிறார். அதை வெளியே எடுப்பது எப்படி, எடுத்ததை வேறொரு லினக்ஸுக்குத் தயார் செய்வது எப்படி என்பதே இன்றைய பேச்சு. எடுப்பது எளிது, எடுத்ததை நம்பலாமா என்று முடிவு செய்வதுதான் வேலை என்பது என் கட்சி.

பேச்சு காற்றில் மிதக்காமல் இருக்க ஒரே ஒரு சிப் குடும்பத்தை எடுத்துக்கொள்கிறேன். சீனாவின் ஜூஹாய் நகரைச் சேர்ந்த ஆல்வின்னர் நிறுவனத்தின் ஏ10, ஏ13, ஏ20. 2012-ஐ ஒட்டிய ஆண்டுகளில் உலகம் முழுக்க மலிவு டேப்லெட்டுகளிலும் டிவி பெட்டிகளிலும் இவைதான் இருந்தன. கியூபிபோர்டு என்ற சிறிய கணினியிலும் ஏ10, மீலி ஏ1000 என்ற டிவி பெட்டியிலும் அதே ஏ10. நமக்கும் இதில் நேரடித் தொடர்பு உண்டு. 2012 நவம்பர் 11 அன்று அப்போதைய குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி புதுதில்லியில் அறிமுகம் செய்து வைத்த ஆகாஷ் 2 டேப்லெட்டுக்குள் இருந்தது ஏ13. மும்பை ஐ.ஐ.டி.யில் ஒரு குழு அதே டேப்லெட்டில் மெமரி கார்டிலிருந்து முழு லினக்ஸைத் தொடங்க வைத்தது. ஆண்ட்ராய்டு மட்டும் ஓடும் என்று விற்கப்பட்ட கருவியில் வேறொன்றை ஓட்டுவதற்கு, இன்று நாம் பேசும் இந்தக் கோப்பு வேண்டும்.

மேசைக் கணினியில் இந்தச் சிக்கல் ஏன் வருவதில்லை என்று மாணவர்கள் கேட்கலாம். அங்கே பிசிஐ பாதையில் ஒரு கார்டைச் செருகினால், 'நீ யார், யார் தயாரிப்பு' என்று இயங்குதளத்தின் மையமான கெர்னல் அதனிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளும். மீதியை பயாஸ் சொல்லிவிடும். ஏ10 போன்ற சிப்பில் கேட்பதற்கு ஆளில்லை. அதன் கால்கள் ஏ முதல் ஐ வரையிலான வரிசைகளாகப் பிரிக்கப்பட்டவை. ஒவ்வொரு காலுக்கும் பல வேடங்கள். ஒரே கால் ஒரு போர்டில் எல்இடியை எரிக்கும், இன்னொன்றில் வைஃபை சிப்புக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும். எந்த வேடம் என்பதை போர்டை வரைந்த பொறியாளர் தீர்மானிக்கிறார். சிப்புக்கு அது தெரிய வழியே இல்லை, யாராவது எழுதித் தந்தால்தான் உண்டு.

முன்பெல்லாம் இதைக் கெர்னலின் நிரலுக்குள்ளேயே எழுதினார்கள். போர்டுக்கு ஒரு சி கோப்பு. ஆயிரம் போர்டு வந்தால் ஆயிரம் கோப்பு. 2011 மார்ச்சில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் பொறுமை இழந்து, இவ்வகைச் சிப்களுக்கான ஏஆர்எம் பகுதியே தலைவலியாகிவிட்டது என்று பொது மடலில் கொட்டித் தீர்த்தார். இங்கே மேற்கோள் காட்டும் தரத்தில் அவர் மொழி இல்லை, விட்டுவிடுகிறேன். அந்தச் சண்டைக்குப் பிறகுதான், போர்டின் விவரங்களைக் கெர்னல் நிரலுக்கு வெளியே தனிக் கோப்பாக எழுதும் டிவைஸ் ட்ரீ என்ற முறை ஏஆர்எம் உலகில் வேகம் பிடித்தது. அது புதிய கண்டுபிடிப்பன்று. சன் நிறுவனக் கணினிகளில் இருந்த ஓபன் ஃபர்ம்வேர் 1994-இல் ஐ.இ.இ.இ. 1275 என்ற தரமாக ஆனது. அதிலிருந்து பவர்பிசி லினக்ஸுக்கு வந்து, அங்கிருந்து ஏஆர்எம்முக்கு வந்தது. பழைய போர்டு கோப்புகள் உடனே போய்விடவில்லை. 2023-இல் வந்த கெர்னல் 6.3-இல்தான் யாரும் பயன்படுத்தாதவை கூட்டம் கூட்டமாக நீக்கப்பட்டன.

இந்த விவாதம் நடந்துகொண்டிருந்த காலத்தில் ஆல்வின்னர் தன் போக்கில் வேறொரு வழி வைத்திருந்தது. அதன் பெயர் ஃபெக்ஸ். பகுதித் தலைப்பு, அதன் கீழே பெயர், சமன் குறி, மதிப்பு என்று வரிசையாக எழுதிய சாதாரண உரைக் கோப்பு. தொழிற்சாலையில் அதை இருமக் கோப்பாக்கி, ஸ்கிரிப்ட்.பின் என்று பெயரிட்டுக் கருவிக்குள் போடுவார்கள். கெர்னல் ஒன்றுதான், போர்டுக்குப் போர்டு மாறுவது இந்த ஸ்கிரிப்ட்.பின் மட்டும். லினக்ஸ் உலகில் ஃபெக்ஸைக் கேலி செய்தவர்கள் அதிகம். எனக்கு அந்தக் கேலியில் உடன்பாடு இல்லை. போர்டின் அறிவை நிரலிலிருந்து பிரித்துத் தனியே வை என்று டோர்வால்ட்ஸ் கத்திக் கேட்டதை, இவர்கள் தங்கள் அளவில் ஏற்கெனவே செய்து வைத்திருந்தார்கள். ஆவணம் எழுதவில்லை, யாரிடமும் கலந்து பேசவில்லை என்பதுதான் குறை. அது பெரிய குறைதான்.

சரி, எடுக்கும் கதைக்கு வருவோம். புதிதாக எதையும் எழுதும் முன் பழையதை நகல் எடுத்துவிட வேண்டும். கருவி ஆண்ட்ராய்டில் ஓடிக்கொண்டிருக்கும்போதே எடுப்பது நல்லது. ரூட் அனுமதி வேண்டும். ஏ10, ஏ20 கருவிகளில் நாண்ட் நினைவகத்தின் முதல் பாகத்துக்கு நாண்டா என்று பெயர். அது ஃபேட் வகைப் பாகம். மவுண்ட் செய்து பார்த்தால் ஸ்கிரிப்ட்.பின் கண்ணெதிரே இருக்கும். அதை அப்படியே கணினிக்கு இழுத்துக்கொள்ளலாம்.

மவுண்ட் செய்ய முடியாவிட்டால் இன்னொரு வழி உண்டு. பூட்லோடர் இந்தக் கோப்பை ரேமில் ஒரு நிலையான முகவரியில் வைத்துவிட்டுத்தான் கெர்னலை எழுப்பும். அந்த முகவரி பதினறும எண்ணில் 43000000. இந்தச் சிப்களில் ரேம் 40000000-இல் தொடங்குகிறது, ஆக இது தொடக்கத்திலிருந்து 48 எம்பி தள்ளி. அங்கிருந்து 128 கேபியை அள்ளி வந்தால் கோப்பு அதற்குள் இருக்கும். சுன்ஷி டூல்ஸ் என்ற கருவித் தொகுப்பில் இதற்கென்றே ஒரு சிறு நிரல் இருக்கிறது. பூட்லோடர் கடைசி நேரத்தில் ஏதாவது திருத்தியிருந்தால் அதுவும் சேர்ந்து வரும் என்பதால், முடிந்தால் இரண்டு வழியிலும் எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

எடுத்த இருமத்தை உரையாக்கும் நிரலுக்கு பின்2ஃபெக்ஸ் என்று பெயர். திருப்பி இருமமாக்குவது ஃபெக்ஸ்2பின். ஒரே ஒரு வரியை மட்டும் கிட்டத்தில் பார்ப்போம். கியூபிபோர்டில் பச்சை எல்இடி எச் வரிசையின் 20-ஆம் காலில் இருக்கிறது. ஃபெக்ஸில் இது பிஎச்20 என்று எழுதப்பட்டு, அதன் பின்னால் கோண அடைப்புக்குள் நான்கு மதிப்புகள் வரும். முதலாவது, காலின் வேடம். 0 என்றால் உள்ளீடு, 1 என்றால் வெளியீடு, 2-இலிருந்து மேலே சிப்புக்குள் இருக்கும் மற்ற உறுப்புகள். இரண்டாவது, உள்ளே மேல்நோக்கியோ கீழ்நோக்கியோ இழுக்கும் மின்தடை வேண்டுமா என்பது. மூன்றாவது, எவ்வளவு வலுவாக ஓட்டுவது. நான்காவது, தொடக்கத்தில் 1-ஆ 0-ஆ. இருமத்தில் இது ஆறு எண்கள், ஒவ்வொன்றும் நான்கு பைட், மொத்தம் 24 பைட். வரிசை எழுத்து முதல் எண்ணாகவும், 20 இரண்டாவது எண்ணாகவும் பதிந்திருக்கும். 'டிஃபால்ட்' என்று விட்ட இடங்களில் –1 இருக்கும்.

இங்கே கவனியுங்கள். இந்தக் கோப்பில் ஏ வரிசைக்கு எண் 1. அப்படியானால் எச் 8. ஆனால் இதே எல்இடியை லினக்ஸின் டிவைஸ் ட்ரீயில் எழுதும்போது ஏ வரிசைக்கு எண் 0, எச் 7. இருமத்தில் பார்த்த 8-ஐ அப்படியே கொண்டுபோய் டிவைஸ் ட்ரீயில் எழுதினால் நீங்கள் ஆட்டிவைப்பது எச் வரிசையை அன்று, ஐ வரிசையை. எல்இடி எரியாமல் போவது சிறிய விஷயம். அந்த இன்னொரு கால் எதை இயக்குகிறது என்பது போர்டுக்குப் போர்டு மாறும்.

மின்னழுத்தத்திலும் இதே கதைதான். ஏ20-இன் ஃபெக்ஸில் ஒரு வேகத்துக்கு 1400 என்று எழுதியிருந்தால், அது மில்லிவோல்ட். டிவைஸ் ட்ரீயில் மைக்ரோவோல்ட் எழுத வேண்டும், அதாவது 1400000. மின்சாரத்தைப் பங்கிடும் ஏஎக்ஸ்பி209 சிப் நாம் கேட்டதைக் கொடுக்கும், கேள்வி கேட்காது. மற்ற பிழைகளைத் திருத்திவிட்டு மறுபடி தொடங்கலாம். மின்னழுத்தப் பிழையில் அந்த வாய்ப்பு எப்போதும் கிடைக்காது. அதனால் இந்தப் பகுதியை மட்டும் இரண்டு பேர் சேர்ந்து வாசியுங்கள் என்பேன்.

இனி, எடுத்ததில் என்ன கிடைக்காது என்று சொல்ல வேண்டும். பொறியாளர் ஃபெக்ஸில் எழுதிய குறிப்புரைகள் இருமத்தில் இல்லை, ஆகையால் திரும்பி வாரா. 'இந்த எண்ணைத் தொடாதே, இந்தத் திரை 30-இல் மின்னுகிறது' என்று யாரோ ஒருவர் எழுதியிருக்கலாம். நமக்கு எண் கிடைக்கும், காரணம் கிடைக்காது. டிவைஸ் ட்ரீயிலும் இதே இழப்பு உண்டு. டிடிசி என்ற நிரல் இருமத்தை உரையாக்கித் தரும், ஆனால் மூல உரையில் உறுப்புகளுக்குச் சூட்டியிருந்த அடையாளப் பெயர்கள் போய், 'இவனைப் பார்', 'அவனைப் பார்' என்று சொல்லும் வெறும் எண்கள்தான் மிஞ்சும். எந்த எண் எந்த உறுப்பு என்று தேடித் தேடிப் பெயர் சூட்டுவது பொறுமைக்கான பயிற்சி. தொகுக்கும்போதே பெயர்களையும் சேர்த்து வைக்க டிடிசியில் ஒரு விருப்பம் இருக்கிறது. பின்னால் ஓவர்லே என்ற கூடுதல் விவரத் துண்டை மேலே பூசுவதற்கு அது தேவையும்கூட. போட்டுத்தான் விற்பார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள்.

கருவி ஓடும்போதே கெர்னலிடமிருந்து டிவைஸ் ட்ரீயை எடுக்கலாம். ப்ராக் அடைவின் கீழ் அது ஒரு கோப்பு மரமாகவே தெரியும், டிடிசி அதை வாசித்து ஒரே உரையாக்கிவிடும். எளிய வழி, ஆனால் அதில் பூட்லோடர் சொருகிய சமாச்சாரங்களும் சேர்ந்திருக்கும். கெர்னலுக்குத் தந்த கட்டளை வரி, ரேம் அளவு, சில போர்டுகளில் வரிசை எண்ணும் மேக் முகவரியும். இதைக் கழற்றாமல் நண்பருக்குக் கொடுத்தால், ஒரே ஆய்வகத்தில் இரண்டு போர்டுகள் ஒரே மேக் முகவரியோடு உலவும். இரண்டும் மாறி மாறிப் பிணையத்தில் காணாமல் போகும், காரணம் தேடி ஒரு வாரம் போகும். ஃபெக்ஸிலும் டைனமிக் என்ற பகுதியில் மேக் முகவரிக்கு ஓர் இடம் உண்டு, அதையும் பார்த்துத் துடைத்துவிடுங்கள்.

கோப்பு தனியாகக் கிடைக்காமல், பெரிய ஃபர்ம்வேர் படத்துக்குள் ஒட்டியிருந்தால்? டிவைஸ் ட்ரீ இருமத்தின் முதல் நான்கு பைட் பதினறும எண்ணில் வாசித்தால் ஆங்கிலத்தில் 'டூட் ஃபீட்' என்பதுபோல் வரும். அதைத் தேடுங்கள். அடுத்த நான்கு பைட் மொத்த நீளத்தைச் சொல்லும். தொடக்கமும் நீளமும் தெரிந்தால் வெட்டி எடுக்க வேண்டியதுதான். நீளத்தின் பெரிய பைட் முதலில் வரும் என்பதை மறந்தால், பல ஜிபி நீளமுள்ள கோப்பு என்று கணக்கு வந்து நிற்கும்.

ரேமைப் பற்றித் தனியே ஒரு வார்த்தை. ஃபெக்ஸில் டிராம் பாரா என்ற பகுதி இருக்கிறது. கடிகார வேகம், சிப்பின் அடர்த்தி, பாதையின் அகலம் எல்லாம் அதில் உண்டு. பலர் அதைப் பார்த்து யு-பூட் என்ற பூட்லோடரைத் தொகுக்கிறார்கள். ஆனால் ரேமை உயிர்ப்பிப்பது கெர்னலுக்கு வெகு முன்னால் ஓடும் முதல்நிலை பூட்லோடர். அது தனக்குள் வைத்திருக்கும் எண்களும் ஸ்கிரிப்ட்.பின்னில் எழுதியிருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எனவே கருவி நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போது ரேம் கட்டுப்பாட்டு உறுப்பின் பதிவேடுகளையே வாசித்துச் சொல்லும் மெம்இன்ஃபோ என்ற நிரலைப் பயன்படுத்துவதே சரி. காகிதத்தில் எழுதியதைவிட, இப்போது ஓடிக்கொண்டிருப்பதை நான் நம்புவேன்.

இனி தயாரிப்பு. பூட் ஸ்கிரிப்ட் என்று ஒன்று உண்டு. எந்தக் கோப்பை எந்த முகவரியில் ஏற்று, பிறகு எங்கே தாவு என்று யு-பூட்டுக்குச் சொல்லும் நாலைந்து வரிகள். பழைய 3.4 கெர்னலுக்கு அதன் சாரம் இவ்வளவுதான்: ஸ்கிரிப்ட்.பின்னை 43000000-இல் ஏற்று, கெர்னலை 48000000-இல் ஏற்று, 48000000-இலிருந்து தொடங்கு. கட்டளை வரியில் கன்சோல் எது, மூல அடைவு மெமரி கார்டின் எந்தப் பாகம் என்று சேர்க்க வேண்டும். இந்த வரிகளை உரையாக எழுதி, எம்கே இமேஜ் என்ற நிரலால் பூட்.எஸ்சிஆர் ஆக்க வேண்டும்.

விற்ற கருவியில் ஏற்கெனவே ஒரு பூட்.எஸ்சிஆர் இருந்தால் அதிலிருந்து உரையை மீட்பது சுலபம். முதல் 64 பைட் தலைப்பு. அதில் 27051956 என்று யாருடைய பிறந்த தேதியோ போல் ஓர் அடையாள எண் இருக்கும். அடுத்த 8 பைட் நீளக் கணக்கு. ஆக 72 பைட்டைத் தாண்டினால் மீதி அப்பட்டமான உரை. இதைப் பார்த்துவிட்டு அந்தக் கோப்பையே உரை திருத்தியில் திறந்து ஓர் எழுத்தை மாற்றிச் சேமிக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். தலைப்பில் சரிபார்ப்புக் கூட்டுத்தொகை இருக்கிறது, யு-பூட் ஒத்துக்கொள்ளாது. உரையைத் தனியே திருத்தி, மீண்டும் எம்கே இமேஜ் வழியாகவே வர வேண்டும்.

மெமரி கார்டில் எங்கே எழுதுவது என்பதிலும் ஒரு நுட்பம். இந்தச் சிப்புக்குள் அழிக்க முடியாத ஒரு சிறு நிரல் இருக்கிறது. மின்சாரம் வந்ததும் அது மெமரி கார்டின் 8-ஆவது கேபியிலிருந்து வாசித்து, ஈகான் என்று தொடங்கும் முத்திரை இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் அதை எடுத்து ஓட்டும். ஜிபிடி முறையில் பாகம் பிரித்தால் அதன் அட்டவணையே 1-ஆவது கேபி முதல் 17-ஆவது கேபி வரை படுத்துக்கொள்ளும். யு-பூட் அதன் மேல் விழும், அல்லது அது யு-பூட்டின் மேல் விழும். எனவே பழைய எம்பிஆர் முறையே இங்கு பாதுகாப்பு.

கார்டிலும் நாண்டிலும் ஒன்றும் இல்லையென்றால் சிப் ஃபெல் என்ற நிலைக்குப் போய், யுஎஸ்பி வழியாகக் கணினிக்காகக் காத்திருக்கும். அழிக்க முடியாத நிரல் அது என்பதால், மென்பொருள் தவறால் இந்தக் குடும்பத்துக் கருவியை நிரந்தரமாகச் சாகடிப்பது கடினம். மாணவர்கள் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல குடும்பம் எனக்குத் தெரியாது. கார்டைக் கழற்றினால் பழைய ஆண்ட்ராய்டு திரும்ப வந்து நிற்கும், நாண்டைத் தொடாமல் இருக்கும் வரை.

முதல் தொடக்கத்தைத் திரையில் பார்க்க முயலாதீர்கள். திரை கடைசியில்தான் உயிர் பெறும், தவறு முதலில் நடக்கும். போர்டில் சீரியல் முனைகள் மூன்று இருக்கும்: அனுப்பு, வாங்கு, கிரவுண்டு. 3.3 வோல்ட் யுஎஸ்பி சீரியல் மாற்றி ஒன்றை வாங்கி, அனுப்புவதை வாங்குவதோடு மாற்றிப் பூட்டி, வேகத்தை 115200-இல் வையுங்கள். சிவப்பு வயரை மாட்ட வேண்டாம், போர்டுக்கு அதன் சொந்த மின்சாரம் இருக்கிறது. டேப்லெட்டுகளில் சீரியல் முனையைத் தேடிச் சால்டர் பிடிக்க முடியாதபோது இன்னொரு தந்திரம் உண்டு. மெமரி கார்டு செருகும் இடத்தின் இரண்டு கால்களே, எஃப்2-உம் எஃப்4-உம், 4 என்ற வேடத்தில் சீரியலாகிவிடும். கார்டு வடிவில் ஒரு சிறிய இணைப்புத் தகடு இருந்தால் டேப்லெட்டைப் பிரிக்காமலேயே அதன் பேச்சைக் கேட்கலாம். கார்டும் சீரியலும் ஒரே நேரத்தில் கிடைக்காது என்பது அதற்கான விலை.

இவ்வளவும் தெரிந்த பிறகும் ஒரு பழக்கத்தை நான் எதிர்க்க வேண்டியிருக்கிறது. 'அதே மாடலுக்கு யாரோ எடுத்து வைத்த ஸ்கிரிப்ட்.பின் இருக்கிறது, இறக்கிக்கொள்ளலாம்' என்ற பழக்கம். மலிவுக் கருவிகளில் பெட்டியின் மேல் அச்சடித்த மாடல் பெயரை நம்பாதீர்கள். அதே பெட்டி, அதே பெயர், உள்ளே வேறு போர்டு, வேறு வைஃபை சிப், வேறு தொடுதிரை. மூடியைத் திறந்து போர்டின் மேல் அச்சடித்திருக்கும் எண்ணையும் பதிப்பையும் பார்த்துவிட்டு ஒப்பிட வேண்டும். இறக்கிய கோப்பையும் நீங்கள் எடுத்த கோப்பையும் இரண்டு பக்கமாக வைத்து வேறுபாட்டைப் பாருங்கள். பெரும்பாலும் பத்து வரிக்குள்தான் வேறுபாடு இருக்கும். போர்டைப் பற்றி நீங்கள் புதிதாகக் கற்பது அந்தப் பத்து வரியில்தான்.

கடைசியாக, முடித்த வேலையை எங்கே வைப்பது? ஃபெக்ஸ் காலம் முடிந்துவிட்டது. 2013 தொடக்கத்தில் வந்த 3.8 கெர்னலிலிருந்து ஆல்வின்னர் சிப்கள் முதன்மை லினக்ஸில் டிவைஸ் ட்ரீயோடு வரத் தொடங்கின. உங்கள் பழைய போர்டு அங்கே இல்லையென்றால், ஃபெக்ஸிலிருந்து எடுத்த எண்களை வைத்து டிவைஸ் ட்ரீ உரை எழுதி, கெர்னலைப் பராமரிப்பவர்களுக்கு மடலில் அனுப்பலாம். பெரும்பகுதியைச் சிப்பின் பொதுக் கோப்பு ஏற்கெனவே சொல்லியிருக்கும், நீங்கள் எழுத வேண்டியது போர்டுக்கே உரிய நூறு இருநூறு வரிகள். எழுதியதைக் கெர்னலோடு வரும் சரிபார்ப்பு முறையில் ஓட்டிப் பாருங்கள், விதிமுறைக்கு ஒத்துவராத பெயரையெல்லாம் அது பிடித்துவிடும். உங்கள் பெயரில் கையொப்ப வரி போட வேண்டும். எந்த எண்ணைப் போர்டில் சோதித்தீர்கள், எது ஃபெக்ஸிலிருந்து வந்தது என்று மடலிலேயே எழுதுங்கள். திருத்தச் சொல்லி இரண்டு மூன்று முறை திருப்பி அனுப்புவார்கள், மனம் கோணாதீர்கள்.

உரிமத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். கெர்னலின் பொது உரிமம் ஜிபிஎல் இரண்டாம் பதிப்பு. ஆனால் இந்தக் குடும்பத்தின் டிவைஸ் ட்ரீ கோப்புகளில் பெரும்பாலானவை ஜிபிஎல்லோடு எக்ஸ்11 அல்லது எம்ஐடி உரிமத்தையும் சேர்த்து இரட்டை உரிமத்தில் இருக்கின்றன. போர்டில் எல்இடி எந்தக் காலில் இருக்கிறது என்பது லினக்ஸுக்கு மட்டும் உரிய செய்தி அன்று. ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளமும் அதே கோப்பை வாசிக்கிறது, யு-பூட்டும் அதையே எடுத்துக்கொள்கிறது. நீங்கள் அனுப்பும்போதும் இரட்டை உரிமத்திலேயே அனுப்புங்கள்.